ஊரும் தேதியும் இல்லாத பயம்

தரையில் ஒரு கயிறு நீட்டிக் கிடக்கிறது. ஒரு முனை பிறந்த நாள். மறுமுனை சுருட்டியபடி விடப்பட்டிருக்கிறது. அது இனி வரப்போகும் காலம். பக்கத்தில் கொஞ்சம் பூக்கள், கொஞ்சம் கற்கள். பிள்ளை தன் வாழ்க்கையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்து, நல்லது நடந்த இடத்தில் பூவையும் கெட்டது நடந்த இடத்தில் கல்லையும் வைக்கிறது. எது பெரிய கல், எது சின்னக் கல் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். வைக்கும்போது ஒரு பெயர் சொன்னால் போதும்: பங்கருக்குள்ள இருந்தது, தங்கச்சி பிறந்தது, கடல் வந்தது. அதற்கு மேல் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

போரும் வன்முறையும் விட்டுப்போன வடுக்களைக் கதை சொல்லியே ஆற்ற முயலும் ‘நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி’ இப்படித்தான் தொடங்குகிறது. கதைவழிச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷௌவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் மூவரும் உருவாக்கியது. இதற்கு ஒரு முன்னோடி சிலி நாட்டில் உண்டு. பினோசே ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களின் வாக்குமூலங்களை எலிசபெத் லீரா, யூஜீனியா வைன்ஸ்டைன் என்ற இரு உளவியலாளர்கள் பதிவு செய்து, அந்தப் பதிவையே சிகிச்சையாகவும் பயன்படுத்தினார்கள். 1983இல் இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை புனைபெயர்களில்தான் வெளிவந்தது. கேட்டவர்களுக்கே அவ்வளவு ஆபத்து இருந்த காலம்.

கான்ஸ்டான்ஸ் குழு 2002 போர்நிறுத்தத்தை ஒட்டி இலங்கையின் வன்னிக்கு வந்தது. அங்கே ஆசிரியர்களையே உளவளத்துணையாளர்களாகப் பயிற்றுவிக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. (கவுன்சலரை இலங்கையில் அப்படித்தான் சொல்கிறார்கள், நம் ஊர் ‘ஆலோசக’ரைவிட நல்ல பெயர்.) அந்த ஆசிரியர்கள் 420 பள்ளிப் பிள்ளைகளைத் தமிழிலேயே பேட்டி கண்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் எனப்படும் பிடிஎஸ்டி இருந்தது. பிறகு 2004 டிசம்பரில் கடலும் வந்தது.

கயிற்றுக்குப் பிந்தைய அமர்வுகளில்தான் கதை. பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். கல் வரும் இடத்தில் உளவளத்துணையாளர் வேகத்தைக் குறைக்கிறார். அப்போது மணி என்ன இருக்கும்? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய்? என்ன சத்தம், என்ன மணம்? மனத்தில் என்ன ஓடியது? இப்போது சொல்லும்போது உடம்பில் என்ன செய்கிறது? நெஞ்சு இறுகினாலும் கை குளிர்ந்தாலும் அதையும் சொல்லச் சொல்கிறார், கூடவே இருக்கிறார், பாதியில் விட்டுவிட்டு எழுவதில்லை. அந்தச் சம்பவம் முடிந்து, அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பது வரைக்கும் வந்து, பதற்றம் தணிந்த பிறகுதான் அமர்வு முடியும். சொன்னதை அவர் எழுதிவைக்கிறார். அடுத்த முறை வாசித்துக் காட்டுகிறார். ‘அப்படியில்லை, மாமா முன்னால போனவர்’ என்று பிள்ளை திருத்தும். கடைசியில் முழுக் கதையும் தாளில் எழுதி அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கப்படும்.

இந்த வரிசைக்கும் நுணுக்கத்துக்கும் காரணம் மூளை நினைவைச் சேர்த்துவைக்கும் விதத்தில் இருக்கிறது. நாம் நினைவு என்று சொல்வதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, உடம்பு பட்ட பாடு ஒன்று. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு எது என்ற விலாசம் மற்றொன்று. முன்னதை ஆய்வாளர்கள் சூடான நினைவு என்றும் பின்னதைக் குளிர்ந்த நினைவு என்றும் சொல்கிறார்கள். பயத்தைப் பதிவதில் அமிக்டலா என்ற மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு. இடத்தையும் காலத்தையும் கோத்துவைப்பதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு. உயிர் போகும் பயத்தில் இருக்கும்போது முதலாவது மிக ஆழமாகப் பதிகிறது, இரண்டாவதன் கோப்பு வேலை தடுமாறுகிறது என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படைக் கருத்து. அதனால் குண்டு வீசும் கிபிர் விமானத்தின் இரைச்சலும், கருகிய மணமும், இதயத் துடிப்பும், ‘செத்தோம்’ என்ற எண்ணமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பல ஆண்டு கழித்துக் கல்யாண வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் முடிச்சு மொத்தமும் இழுபட்டு வருகிறது. 2009 மார்ச், மாத்தளன் என்ற விலாசம் மட்டும் கூட வருவதில்லை. விலாசம் இல்லாத நினைவை மூளை பழைய கதையாக எடுத்துக்கொள்ளாது; இப்போது நடப்பதாகவே எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் ஊரையும் திசையையும் அவ்வளவு பிடிவாதமாகக் கேட்பது அந்த விலாசத்தை ஒட்டுவதற்காகத்தான்.

பலன் எப்படி? உகாண்டாவின் இம்வேபி முகாமில் 43 சூடான் அகதிகளிடம் நாய்னர் குழு செய்த சோதனை 2004இல் வெளிவந்தது. கதைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் மனவடு நோய் இருந்தவர்கள் 29 சதவீதம். வழக்கமான ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களிலும், நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களிலும் அது 80 சதவீதத்தை ஒட்டியிருந்தது. நான்கே அமர்வுகளுக்குக் கிடைத்த இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் யாரும் உற்சாகமடைவார்கள்.

வன்னிக் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆறு அமர்வு கதைவழிச் சிகிச்சை. மறு பாதிக்கு ஆறு அமர்வு தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். கிளாடியா கட்டானி தலைமையில் 2009இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் குணமானவர்கள் கதைக் குழுவில் 81 சதவீதம், தியானக் குழுவில் 71 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

கதையை நம்புகிறவர்கள் இந்த ஆய்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான முடிவாகப் படுகிறது. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, நடுத்தர வித்தியாசம் இருந்தாலும் அது கண்ணில் படாது. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு ஒன்றும் இல்லை. காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் இரண்டு குழுவுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. தன் மொழி பேசும், தன் ஊர் நிலவரம் தெரிந்த ஒரு பெரியவர், முகாமின் கூச்சலுக்கு நடுவில், ஒரு பிள்ளைக்காக மட்டும் ஆறு முறை நேரம் ஒதுக்கி உட்கார்ந்தார். எத்தனை முகாம் பிள்ளைகளுக்கு அது வாய்த்திருக்கும்?

‘மனசில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆராய்ச்சி அதற்கு அரைகுறையாகத்தான் தலையாட்டுகிறது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் அமெரிக்க மாணவர்கள் 46 பேரை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். தம்மை மிகவும் உலுக்கிய நிகழ்வை உணர்ச்சியோடு எழுதியவர்கள் எழுதி முடித்ததும் இன்னும் சோர்ந்துபோனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. இந்த வகைச் சோதனைகள் 146ஐ 2006இல் ஜோஆன் ஃபிரட்டரோலி தொகுத்துப் பார்த்தார். பலன் உண்மைதான், அளவு மிகச் சிறியது: ஒட்டுறவுக் கெழு 0.075.

கொட்டுவது கெடுதலாகவும் முடியலாம். விபத்து நடந்த கையோடு பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் ‘டிப்ரீஃபிங்’ முறை ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களிடம் இங்கிலாந்தில் செய்த சோதனையில், தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் இந்த அமர்வு கிடைத்தவர்கள் மூன்றாண்டு கழித்தும் அப்படியே இருந்தார்கள், கிடைக்காதவர்கள் தேறிவிட்டார்கள். ஒரே தடவை கிளறிவிட்டு, பதற்றம் தணியும் வரை கூட இருக்காமல் போனால் முடிச்சு இன்னும் இறுகத்தானே செய்யும்! சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைக்கு வந்து குவிந்த உதவிக் குழுக்கள் பலவும் மொழி தெரியாமல், ஓரிரு நாளில் இதே போன்ற வேலையைச் செய்ததாக அப்போதே விமர்சனம் எழுந்தது.

இதுவரை சொன்னது பயத்தைப் பற்றி. துக்கம் வேறு விதமானது. அதற்கு எழுத்து பெரிதாக உதவுவதில்லை. துணையை இழந்தவர்களை எழுதவைத்துப் பார்த்த மார்கரெட் ஸ்ட்ரோப் குழு, எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. இழந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின்றியே மெல்ல மெல்ல வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். திரும்ப முடியாமல் நின்றுபோகும் சிலருக்குத்தான் உதவி வேண்டும். அவர்களுக்காக காதரின் ஷியர் வடிவமைத்த சிகிச்சையிலும் நடுவில் ஒரு கதை இருக்கிறது: இறந்த செய்தி வந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும், பதிவு செய்ததை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். 2005இல் வெளியான அவரது சோதனையில் 51 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வழக்கமான உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதம்.

நம் கிராமங்களில் இந்த வேலையைச் செய்துவந்தது ஒப்பாரி. செத்தவரின் பெருமையோடு நிற்காமல், பாடுகிறவள் தன் பிறந்த வீடு, வாழ்க்கைப்பட்ட இடம், பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் அடுக்கிப் பாடுவாள். கட்டிப்பிடித்து அழும் மற்றப் பெண்கள் கேட்பார்கள், இடையில் சேர்ந்துகொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலையில் சாம்பல் கரைப்பு என்று துக்கத்துக்கு நாள்கணக்கு உண்டு. உடல் இருந்தால் இதெல்லாம் நடக்கும். இலங்கையில் காணாமல்போனவர்கள் பற்றி 16,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவாகியிருக்கின்றன. அந்த வீடுகளில் எந்த நாளிலிருந்து எட்டை எண்ணுவது? வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிகளை ஆராய்ந்த பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். முடிவு தெரியாத கதையை முடித்துச் சொல்லும்படி யாரையும் கேட்கக் கூடாது, ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் சேர்த்தே தாங்கப் பழக வேண்டும் என்பது அவர் வழி. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கி காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்திருந்த தாய்மாரிடம் ‘மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னவர்கள் பாஸைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, இந்தக் காயமெல்லாம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது? இன்று இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே வரும் பதில் ‘மரபணு’. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ரேச்சல் யெஹூதாவின் 2016 ஆய்வு. நாஜி இன அழிப்பில் தப்பிய 32 பேரிடமும் அவர்களுடைய 22 பிள்ளைகளிடமும், உடலின் நெருக்கடி எதிர்வினையோடு தொடர்புள்ள எஃப்கேபிபி5 என்ற மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக்குறிகளை அளந்தார்கள். பெற்றோரிடம் குறி கூடுதல், பிள்ளைகளிடம் குறைவு. ஒப்பிடுவதற்கு இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். வயிற்றில் இருந்தபோதே வந்ததா, வளர்த்த விதத்தில் வந்ததா, கரு வழியே வந்ததா என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மணத்துக்குப் பயப்படப் பழக்கிய எலியின் பேரன்கூட அந்த மணத்துக்குத் திடுக்கிட்டது என்ற 2014 சோதனை பிரபலம்தான். மனிதருக்கு அதைப் பொருத்துவது பெரிய தாவல். கரு உருவாகும்போது இந்த வேதிக்குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: வயிற்றில் இருக்கும் பெண்குழந்தைக்குள்ளேயே அவளுடைய முட்டைகளும் உருவாகிவிடுகின்றன. கர்ப்பிணி பட்டினி கிடந்தால் மூன்று தலைமுறை ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கிறது. அதைப் பரம்பரை என்று சொல்ல முடியுமா?

இன அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய 32 ஆய்வுத் தொகுதிகளை, மொத்தம் 4,418 பேர், 2003இல் வான் ஐசென்டோர்ன் சேர்த்துப் பார்த்தார். சிகிச்சைக்கு வராத சாதாரணக் குடும்பங்களில் பிள்ளைகள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ‘உன் பாட்டியின் காயம் உன் ரத்தத்தில் ஓடுகிறது’ என்று பேசும் புத்தகங்கள் இந்த முடிவைத் தொடுவதில்லை. அந்த வாக்கியம் ஒருவகை ஜாதகம். கேட்கிறவரைத் தன் விதியை நம்பவைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பாதை ஒன்று உண்டு, அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. வடகிழக்கின் 296 பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டானி குழு செய்த இன்னொரு ஆய்வில், வீட்டில் பிள்ளை வாங்கும் அடி இரண்டோடு சேர்ந்து கூடியிருந்தது: தந்தையின் குடி, குடும்பம் பட்ட போர். ஷெல்லடியில் தப்பியவர் தூக்கத்துக்காகக் குடிக்கிறார், குடித்துவிட்டு அடிக்கிறார். ஷெல்லைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அந்தக் கை வழியாகப் போர் வந்து சேர்கிறது. அடிக்காத வீடுகளில் வேறு வழி. ஹெலிச் சத்தத்துக்கு அம்மா ஏன் உறைந்துபோகிறாள், மே மாதம் வந்தால் வீடு ஏன் பேசுவதில்லை, படத்தில் இருக்கும் அந்தச் சித்தப்பா யார் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குக் கிடைப்பது பெற்றோரின் சூடான நினைவின் ஒரு துண்டு மட்டும். ஊரும் தேதியும் அதில் இல்லை. சிகிச்சை அறையில் கதைக்கு நடப்பதைக் குடும்பத்துக்குள்ளும் நடத்தலாம் என்று நான் நினைப்பது இதனால்தான். இதைச் சோதனை நிறுவிவிட்டது என்று சொல்லவில்லை, தர்க்கம் அந்தப் பக்கம் கை காட்டுகிறது.

எமோரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உன் அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்தபோது என்ன நடந்தது என்பது போன்றவை. விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. இது ஒட்டுறவு மட்டுமே. பேசும் பழக்கமுள்ள வீட்டில் எல்லாமே நன்றாக இருந்திருக்கலாம். விடைகளை மனப்பாடம் செய்வித்தால் தன்னம்பிக்கை வராது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

டொராண்டோவிலோ லண்டனிலோ வளரும் பேத்திக்கு அம்மம்மாவிடம் கேட்க ஆசை என்றால், ‘சண்டையில என்ன நடந்தது?’ என்று தொடங்காமல் இருப்பது நல்லது. ‘சின்ன வயதில எந்தப் பள்ளிக்கூடம் போனனீங்கள்?’ என்று கேட்கலாம். பூக்கள் முதலில் வரட்டும். இடப்பெயர்வை ஊர்களின் வரிசையாகச் சொல்வது வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்: கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், செட்டிகுளம். ஒவ்வொரு ஊரிலும் ‘ஆர் கூட வந்தவை, எங்க படுத்தனீங்கள், என்ன சமைச்சனீங்கள்?’ என்ற கேள்விகள் போதும். மூச்சு முட்டினால், பார்வை எங்கோ போய்விட்டால், நிறுத்தி இப்போது இருக்கும் அறைக்கும் இன்றைய தேதிக்கும் கூட்டி வர வேண்டும். இரவில் அலறி எழுகிறவரை இப்படிக் கேட்டுக் குணப்படுத்தப் பார்க்கக் கூடாது. அது பயிற்சி பெற்றவரின் வேலை. சொல்ல விரும்பாதவருக்கு மௌனம் உரிமை.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, ஊரையும் உறவையும் சேர்த்தே உடைக்கிறது என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். ஊரே சேர்ந்து சொல்லும் கதைக்கு இன்று, போர் முடிந்த மே 18ஐ ஒட்டிக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி நல்ல உதாரணம். போரின் கடைசி மாதங்களில் உயிர் காத்த உப்புக் கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அது எதற்கு என்று சொல்கிறார்கள். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்த சிலர் கைதானார்கள். கதைவழிச் சிகிச்சை மூளைக்குக் கற்றுத்தர முயல்வது ஒன்றைத்தான்: அது அன்று நடந்தது, இன்று ஆபத்தில்லை. அதில் முதல் பாதியை உளவளத்துணையாளரும் அம்மம்மாவும் பேத்தியும் சேர்ந்து செய்துவிடலாம். இரண்டாம் பாதி வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.